பரணில் ஏறிய கடிகாரம்

என் நண்பர் ஒருவர் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் காதோரம் வைத்து, "கேட்கிறதா, ஸார்?" என்றார்.

கேட்டது. ஆனால் நான் எதிர்பார்த்த 'டிக், டிக்' அல்ல. என் கலியாணத்தில் மாமனார் வீட்டில் போட்ட வெஸ்ட் எண்ட் கடிகாரம் நடக்கும், இது ஓடியது. மழைக்காலத்து இரவில் கொல்லைப்புறத்துச் சுவர்க்கோழி மூச்சு விடாமல் கத்துமே, அந்த மாதிரி ஒரு சத்தம்.

"விநாடிக்குப் பத்து அடி. உம்முடைய பழைய கடிகாரம் ஐந்துதான் அடிக்கும். இது மணிக்கு 36,000!" என்றார் நண்பர், அவரே அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பவர் போல.

அவர் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்புறத்தில் இருந்த ஒரு மனைக்கட்டை விற்று, அந்தப் பணத்தோடு ஜினீவா போய், பழைய கடிகாரங்கள் விற்கும் கடை ஒன்றில் இதை வாங்கி வந்தார். அவருடைய மனைவி அந்த மனைக்கட்டைப் பற்றிப் பேசுவதை இன்னும் நிறுத்தவில்லை. "மணி பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் போதாதா?" என்று அந்த அம்மாள் கேட்பதில் நியாயம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? நானும் முதலில் அந்த அம்மாளின் கட்சியில்தான் இருந்தேன். கடிகாரத்தின் பூர்வோத்தரத்தை நண்பர் சொல்லி, பிறகு நானும் தேடிப் படித்தபோது கொஞ்சம் கட்சி மாறினேன். முழுக்க மாறிவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

ஸ்விட்ஸர்லாந்தின் மேற்கே, பிரான்ஸ் தேசத்து எல்லையை ஒட்டி ஜூரா என்று ஒரு மலைத்தொடர். அதில் லெ லோக்ல் என்ற சிற்றூர், கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வருஷத்தில் பல மாதங்கள் பனி. மாடு மேய்க்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. குடியானவன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து என்ன செய்வான்? பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் டானியல் ஜான்ரிஷார் என்ற பையனிடம், குதிரை வியாபாரி ஒருவன் ஓடாமல் நின்றுபோன இங்கிலீஷ் பைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தானாம். பையன் அதைப் பிரித்துப் பார்த்து ஓட வைத்ததோடு நிற்காமல், அதே மாதிரி ஒன்றைத் தானும் செய்தானாம். இது நடந்ததா, கட்டியதா என்று சத்தியம் பண்ண நான் தயாராக இல்லை. அவருடைய சிலை மட்டும் லெ லோக்லில் நிற்கிறது. அந்தப் பக்கத்து வீடுகளில் குளிர்காலம் முழுவதும் ஒருவன் சக்கரம் அறுக்க, ஒருவன் திருகாணி கடைய, ஒருவன் முகப்பில் எனாமல் பூச, இப்படியே ஒரு தொழில் வளர்ந்தது என்பது சரித்திரம். அங்கே வீடுகளில் ஜன்னல்கள் வரிசை வரிசையாக இருக்கும். காற்றுக்காக அல்ல, பூதக்கண்ணாடிக்கு வெளிச்சம் வேண்டுமே! லெ லோக்லையும் அதன் அண்டையூரான லா ஷோ-த-ஃபோனையும் கடிகாரத் தொழிலுக்கென்றே எழும்பிய ஊர்கள் என்று 2009-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்துக்கொண்டது.

அந்த லெ லோக்லில் 1865-இல் ஜார்ஜ் ஃபாவ்ர்-ழாக்கோ என்ற இருபத்திரண்டு வயது வாலிபர், வீடு வீடாகச் சிதறிக் கிடந்த வேலைகளை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர நினைத்து ஒரு தொழிற்சாலை ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு ஸெனித் என்று பெயர் பெற்றது. இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. மகாத்மா காந்தி வைத்திருந்த வெள்ளிப் பைக்கடிகாரம் ஒன்று ஸெனித்தான். 2009-இல் நியூயார்க்கில் அதை அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றோடு சேர்த்து ஏலம் போட்டார்கள். 18 லட்சம் டாலர்! காலணா செலவுக்கும் கணக்கு எழுதச் சொன்ன மனிதர் அதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

என் நண்பரின் கடிகாரமும் ஸெனித்தான். அதனுள் இருக்கும் யந்திரத்தின் பெயர் எல் பிரிமெரோ. ஸ்பானிஷ் பாஷையில் 'முதலாவது' என்று அர்த்தம். பந்தயத்தில் நேரம் குறிக்கிற குரோனோகிராஃப் கடிகாரம் தெரியுமல்லவா? பொத்தானை அமுக்கினால் ஒரு முள் புறப்படும், மறுபடி அமுக்கினால் நிற்கும், இன்னொன்றை அமுக்கினால் பழைய இடத்துக்கே திரும்பும். அதற்கு அதுவரையில் சாவி கொடுத்துத்தான் ஆகவேண்டும். கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரமும் இருந்தது. இரண்டையும் ஒரே டப்பிக்குள் அடக்க யாராலும் முடியவில்லை. ஸெனித் 1962-இல் இந்த வேலையில் இறங்கிற்று. 1965-இல் வரும் நூற்றாண்டு விழாவுக்கு முடித்துவிட வேண்டும் என்று திட்டம். விழா வந்தது, போயிற்று. மாப்பிள்ளை நாலு வருஷம் கழித்து 1969 ஜனவரி 10-ந் தேதி வந்து சேர்ந்தார். விநாடிக்குப் பத்து அடி என்பதால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளந்து சொல்லும். கனமோ 6.5 மில்லிமீட்டர்தான்.

'முதலாவது' என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதுமா? அதே மார்ச் 3-ந் தேதி ஹாயர், பிரைட்லிங் முதலானவர்களின் கோஷ்டி தங்கள் கடிகாரத்தை அறிவித்தது. ஜப்பானில் ஸெய்கோ அதே வருஷத்தில் தன்னுடையதைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டது. யார் முதல் என்ற வழக்கு இன்றுவரையில் கடிகாரப் பிரியர்கள் நடுவே நடக்கிறது. அதில் ஆஜராக எனக்கு ஆசையில்லை. ஏனென்றால் மூவரும் முதலாவதாக வந்ததற்கு அர்த்தமே இல்லாதபடி செய்யும் ஒரு சம்பவம் அந்த வருஷம் முடிவதற்குள் நடந்துவிட்டது.

1969 டிசம்பர் 25-ந் தேதி டோக்கியோவில் ஸெய்கோ 'ஆஸ்ட்ரான்' என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. குவார்ட்ஸ் என்ற படிகத்தின் சிறு துண்டுக்குப் பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அது நடுங்கும். அந்தக் கடிகாரத்தில் விநாடிக்கு 8,192 தடவை. என் நண்பர் பெருமைப்பட்ட பத்து எங்கே, இது எங்கே! மாதத்துக்கு ஐந்து விநாடிதான் தவறும் என்றார்கள். விலை 4,50,000 யென், அன்றைக்கு அங்கே ஒரு சிறிய மோட்டார் காரின் விலை. அதனால் ஸ்விஸ்காரர்கள் பயப்படவில்லை. விலை என்பது இறங்கக்கூடிய வஸ்து என்பதை மறந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முதல் மாதிரிகளை 1967-இல் செய்தவர்களில் ஸ்விஸ்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். லெ லோக்ல் எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அதே நியூஷாத்தெல் மாகாணத்தின் தலைநகரில், கடிகார ஸ்தாபனங்கள் கூடிப் பணம் போட்டு நடத்திய ஆராய்ச்சிசாலையில்தான் அவை செய்யப்பட்டன. அந்த வருஷம் நியூஷாத்தெல் வானாராய்ச்சிக்கூடத்தில் நடந்த துல்லியப் போட்டியில் முதல் பத்து இடங்களையும் அவையே வாங்கின. பிள்ளை பிறந்தது இவர்கள் வீட்டில். ஆளாக்கிச் சம்பாதிக்க விட்டவன் அடுத்த வீட்டுக்காரன்.

குவார்ட்ஸ் ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமல்ல. 1971-க்குப் பிறகு டாலர் சரிந்து, ஸ்விஸ் பிராங்க் ஏறிக்கொண்டே போயிற்று. கடிகாரத்தில் மாற்றம் இல்லாமலே அமெரிக்காக்காரனுக்கு அதன் விலை கூடிவிட்டது. இரண்டு அடியும் ஒரே சமயத்தில் விழுந்தன. 1970-இல் சுமார் 90,000 பேர் ஸ்விஸ் கடிகாரத் தொழிலில் இருந்தார்கள். 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம். ஸ்தாபனங்கள் 1,600-லிருந்து 600 ஆயின. ஊருக்கு ஒரே தொழில் என்று இருந்த இடங்களில் இந்தக் கணக்கு என்ன அர்த்தம் தரும் என்பதை நெசவூர்க்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஸெனித்தை 1971-இல் அமெரிக்க ஸ்தாபனம் ஒன்று வாங்கியது. அதன் பெயரும் ஸெனித்! சிகாகோவில் ரேடியோவும் டெலிவிஷனும் செய்த கம்பெனி. சக்கரமும் வில்லும் பழங்காலத்துச் சமாசாரம், இனிக் குவார்ட்ஸ்தான் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். 1975-இல் உத்தரவு வந்தது: யந்திரக் கடிகாரம் செய்வதை நிறுத்து, கருவிகளைப் பழைய உலோகமாக எடைக்குப் போடு.

அந்தத் தொழிற்சாலையில் ஷார்ல் வெர்மோ என்று ஒருவர் இருந்தார். ஒரு பட்டறைக்கு ஃபோர்மன். நம் ஊரில் மேஸ்திரி என்போம். அவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்னேற்றத்துக்குத் தாம் விரோதி அல்ல, ஆனால் உலகம் சுற்றிச் சுற்றி வருவது. இந்தக் கடிகாரம் அடியோடு மறைந்துவிடும் என்று நினைப்பது தவறு, எதிர்காலத்துக்காக இதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். கடிதத்தால் பலன் விளையவில்லை.

வெர்மோ அதற்குப் பிறகு கடிதம் எழுதவில்லை. சாயங்காலங்களில், வேலை முடிந்த பிறகு, கருவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு பரணுக்குப் போனார். தகட்டிலிருந்து பாகங்களை வெட்டியெடுக்கும் அச்சுகள், சுமார் 150. நெம்புகட்டைகள், வெட்டுளிகள், வரைபடங்கள். எதற்கு எது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர்ச் சீட்டு ஒட்டி, எந்த வரிசையில் எந்த வேலை நடக்க வேண்டும் என்பதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். கடைசியில் அந்த இடத்தையே மறைத்து அடைத்துவிட்டார்.

நான் ஒரு நாவலில் இப்படி எழுதியிருந்தால், பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "மேஸ்திரிக்கு இதனால் என்ன லாபம் என்று காட்டவில்லையே" என்று கேட்டிருப்பார். லாபம் ஒன்றுமில்லை. தெரிந்திருந்தால் வேலை போயிருக்கக்கூடும். திருட்டு என்றும் பெயர் கட்டியிருக்கலாம். சட்டப்படி அவை முதலாளியின் சொத்து. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் ஒளித்தது கடிகாரங்களை அல்ல. பத்துக் கடிகாரத்தை மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தால் பிற்காலத்தில் பேரன் விற்றுப் பணமாக்கலாம். அவர் ஒளித்தது கடிகாரம் செய்யும் வழியை. பரணில் கிடந்ததைத் தூக்கி விற்றால் இரும்பு விலைதான் கிடைத்திருக்கும்.

1978-இல் அமெரிக்கர்கள் ஸெனித்தை ஸ்விஸ் முதலாளிகளுக்கே விற்றுவிட்டுப் போனார்கள். சில வருஷங்களில் எபெல் என்ற கம்பெனி, மீதியிருந்த எல் பிரிமெரோ யந்திரங்களை வாங்க வந்தது. அடுத்து வந்தது ரோலக்ஸ். தன் 'டேடோனா' கடிகாரத்துக்குத் தானே சாவி ஏறும் குரோனோகிராஃப் யந்திரம் அதற்கு வேண்டியிருந்தது. புதிதாக எல்லா அச்சுகளும் செய்வதென்றால் பெருஞ் செலவு, பல வருஷ வேலை. அப்போதுதான் பரணின் சங்கதி வெளியே வந்தது. வெர்மோ மேலே போய்த் தம் பெயர்ச் சீட்டுகளையும் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். 1988-இல் ஸெனித் யந்திரத்தோடு புதிய டேடோனா வெளிவந்தது. ரோலக்ஸ் அதை எவ்வளவோ மாற்றி, 36,000 அடியை 28,800 ஆகக் குறைத்துக்கொண்டது என்பதைச் சொன்னால் என் நண்பருக்கு முகம் சுண்டிப்போகும். 2000-ஆம் வருஷத்தில் சொந்த யந்திரம் செய்துகொள்ளும் வரையில் ரோலக்ஸுக்கு இதுதான் ஓடியது.

அதற்கு முந்திய டேடோனாக்களின் தலைவிதியைப் பாருங்கள். சாவி கொடுக்கிற அந்தக் கடிகாரங்களைக் கடைக்காரர்கள் விற்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. அதில் ஒன்றை நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி வாங்கிக் கொடுத்தார். நியூமன் அதை 1984-இல் தம் மகளின் சிநேகிதனான ஒரு வாலிபனுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். 2017-இல் நியூயார்க் ஏலத்தில் அது 177 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. இதை ரசனை என்பதா, பித்து என்பதா? நியூமன் கட்டிய மணிக்கட்டு அதில் பாதி விலை பெறும் என்பது என் அபிப்பிராயம். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்விஸ் கடிகாரத் தொழில் மொத்தமாகப் பிழைத்தது பரணால் மட்டும் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1983-இல் 51 பாகங்களில் செய்த பிளாஸ்டிக் 'ஸ்வாட்ச்' வந்து, குவார்ட்ஸைக் கொண்டே குவார்ட்ஸை எதிர்த்தது. அந்தப் பணம்தான் பலருக்குச் சோறு போட்டது. நம் நாட்டிலும் இந்த நாடகத்தின் ஒரு காட்சி நடந்தது. 1961-இல் ஜப்பானிய ஸிடிஸனோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. சாவிக் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. 1980-களில் நம்முடைய ஓசூரில் டைட்டான் குவார்ட்ஸோடு வந்து உட்கார்ந்தது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் சர்க்கார் முடிவு செய்தது. இப்போது அதன் 'ஜனதா'வையும் 'பைல'ட்டையும் வாலிபர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். பெங்களூரில் யாராவது பரணில் ஏதாவது ஏற்றினார்களா?

லெ லோக்லில் அந்தப் பரணை இன்று விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள். என் நண்பரும் போய்ப் பார்த்தாராம். மரத் தட்டுகள், தூசி, சீட்டு ஒட்டிய இரும்புத் துண்டுகள். "கோயில் மாதிரி இருந்தது, ஸார்" என்றார். சொல்லும்போது அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். மனைக்கட்டைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

நான் விடைபெற எழுந்தபோது நண்பர் கடிகாரத்தைக் கழற்றி மணி திருத்தினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் செய்கிற காரியமாம். ஒரு நாளைக்குச் சில விநாடிகள் முந்திவிடுகிறது. எதைப் பார்த்துத் திருத்துகிறார் என்று கவனித்தேன். அடுப்பங்கரைச் சுவரில், அந்த அம்மாள் பாத்திரக் கடையில் இனாமாக வாங்கி மாட்டியிருந்த குவார்ட்ஸ் கடிகாரத்தைப் பார்த்து.