சஸ்பென்ஸ் கணக்கில் ஐந்து வருடம்

எங்கள் வங்கித் தொழிலில், எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். நான் இப்போது வேலை பார்க்கும் சிலிகுரியில் ஒரு நோயே அப்படி ஐந்து வருடம் கிடந்திருக்கிறது.

2001 ஜனவரி, பிப்ரவரியில் இங்கே 66 பேர் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆஸ்பத்திரி ஊழியர்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். என்ன நோய் என்று அப்போது பிடிபடவில்லை. பத்திரமாக வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்து, ‘நிபா’ என்று 2006-ல்தான் ஆய்வுக்கட்டுரை வந்தது.

இதற்கு முன்கதை மலேசியாவில் இருக்கிறது. 1998-ல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது! கொசு என்றால் பண்ணைக்காரர்களை மட்டும் தேடிப்பிடித்தா கடிக்கும்? 1999 மார்ச்சில் சுவா கா பிங் என்ற ஆராய்ச்சியாளர் புது வைரஸைக் கண்டுபிடித்தார். நோயாளியின் ஊர் சுங்கை நிபா. அந்தப் பெயரே வைரஸுக்கும் வந்தது. அதற்குள் தவறான தலைப்பில் மாதங்கள் ஓடிவிட்டன. 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம், பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்றார்கள்.

வந்த வழி எளிது. பண்ணையை ஒட்டி மாமரங்கள். பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதன். விற்ற பன்றிகளோடு நோயும் ஊர் ஊராகப் போனது.

பக்கத்து வங்கதேசத்தில் பன்றியே தேவைப்படவில்லை. குளிர்காலத்தில் ஈச்சமரத்தில் கட்டிய கலயத்தில் வௌவால் வாய் வைக்கும். அந்தச் சாற்றை விடிகாலையில் பச்சையாகக் குடிப்பார்கள். காய்ச்சி வெல்லமாக்கினால் பயமில்லை. சாறு வடியும் இடத்தை மூங்கில் தட்டியால் மூடினாலே வௌவால் அண்டாது. மரத்தையும் வௌவாலையும் அழிக்க வேண்டியதில்லை.

2018-ல் கோழிக்கோட்டில் ஒருவர் இறந்து, அவர் சகோதரருக்கும் அதே அறிகுறிகள் வந்ததுமே டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். மணிப்பால் ஆய்வகமும் புனேயும் சில நாட்களில் நிபா என்று உறுதி செய்தன. அதற்குள் முதல் நோயாளியிடமிருந்தே பலருக்குத் தொற்றிவிட்டது. அவரைக் கவனித்த நர்ஸ் லினியும் இறந்தார். ஆனால் பெயர் தெரிந்த பிறகு, யாரைத் தனிமைப்படுத்துவது, எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தது. இரண்டு மாவட்டங்களோடு நின்றது.

சிலிகுரி ஊழியர்களுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. யாரிடமிருந்து விலகி நிற்பது என்று தெரியாமலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். கேரளத்து நர்ஸை நாடு நினைவில் வைத்திருக்கிறது. இவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோமே.