ஒப்பந்தத்தில் ஒருவர், பாடல்களில் ஒரு குழு: பாரமோரின் முதல் தொகுப்பு

எமோ என்னும் இசைவகை 1980களின் நடுவில், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், வேகமும் சீற்றமும் மிக்க ஹார்ட்கோர் பங்க் இசைக்குள்ளிருந்து முளைத்தது; சமூகக் கோபத்துக்குப் பழகியிருந்த அந்த மேடைகளில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் முதலான குழுக்கள் தனிமனிதத் துயரத்தைப் பாடத் தொடங்கியபோது, உணர்ச்சி மேலோங்கிய ஹார்ட்கோர் என்ற பொருளில் அதற்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரிசோனாவின் ஜிம்மி ஈட் வேர்ல்ட் 2001இல் 'ப்ளீட் அமெரிக்கன்' தொகுப்பை வெளியிட்ட பிறகு, ஒருமுறை கேட்டாலே மனத்தில் தங்கிவிடும் பல்லவிகளைக் கொண்ட எமோ பாப் என்ற கிளை வானொலியிலும் இடம்பிடித்தது. எனினும் அதன் அகநோக்கு பெரும்பாலும் ஆண்களின் அகநோக்காகவே இருந்தது. பிரிந்துபோன காதலியின் மீது பழி சுமத்தும் பாடல்கள் மலிந்திருந்ததையும், அவற்றில் பெண்ணுக்கென்று ஒரு குரல் இல்லாததையும் விமர்சகர் ஜெசிகா ஹாப்பர் 2003இல் 'பங்க் பிளானட்' இதழில் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

டென்னசி மாநிலத்தின் ஃபிராங்க்ளின் நகரில் வசித்த 14 வயதுச் சிறுமி ஹேலி வில்லியம்ஸ், அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டதும் அதே ஆண்டில்தான். மிசிசிப்பியின் மெரிடியனில் பிறந்த அவர், பெற்றோர் மணமுறிவு பெற்ற பின் 2002இல் தாயுடன் ஃபிராங்க்ளினுக்குக் குடிபெயர்ந்து, வீட்டிலிருந்தே கல்வி கற்கும் பிள்ளைகளுக்கான வாராந்தர வகுப்பில் ஜாஷ் ஃபாரோ, ஸாக் ஃபாரோ என்னும் சகோதரர்களைச் சந்தித்திருந்தார். அவரைத் தனிப் பாப் பாடகியாக வளர்க்கவே நிறுவனம் விரும்பியது; அவரோ நண்பர்களோடு ஒரு குழுவாகப் பாடுவதில் உறுதியாக நின்றார். 2004இல் பாரமோர் உருவானது என்றாலும் ஒப்பந்தத்தில் இருந்த பெயர் அவருடையது மட்டுமே. பெரிய நிறுவனத்தின் முத்திரை இளம் ராக் ரசிகர்களின் நம்பிக்கையைக் கெடுக்கும் என்று கருதியதால், ஃபுளோரிடாவில் ஜான் ஜானிக் முதலியோர் தொடங்கி வளர்த்த ஃபியூல்ட் பை ராமன் என்ற சிறு வெளியீட்டகத்தின் பெயரில் இசைத்தட்டு வரும் என ஏற்பாடாயிற்று.

பதிவுக்காகக் குழு ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குச் சென்ற சில நாட்களிலேயே, பேஸ் கிட்டார் வாசித்த ஜெரமி டேவிஸ் சொந்தக் காரணங்களுக்காக விலகிச் சென்றார். இந்த விலகலே 2005 ஜூலையில் வெளியான 'ஆல் வீ நோ இஸ் ஃபாலிங்' தொகுப்பின் உள்ளடக்கத்தைத் தீர்மானித்தது. அட்டைப்படத்தில் ஆளற்ற சிவப்புச் சோஃபா ஒன்று கிடக்க, அதனருகே விலகிச் செல்லும் ஒருவரின் நிழல் விழுந்திருக்கிறது. தொடக்கப் பாடலும் டேவிஸின் பிரிவைப் பற்றியதே. 'எமர்ஜென்சி' பாடலோ வில்லியம்ஸின் பெற்றோருடைய மணமுறிவிலிருந்து பிறந்தது. வீட்டில் ஒரு பிரிவும் குழுவில் ஒரு பிரிவுமாக, பத்துப் பாடல்களில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அடங்கிய குரலில் நகரும் சரணங்கள், கனத்த கிட்டார்களோடு சட்டென உயரும் பல்லவிகள் என்ற கட்டமைப்பு அந்தக் காலத்து எமோ பாப்புக்குப் பொதுவானதுதான்; ஆனால் அந்த உயரத்தில் ஒலித்தது, காதலியைக் குற்றம்சாட்டும் இளைஞனின் குரலன்று, பெரியவர்களின் முறிவைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு சிறுமியின் குரல். இத்தொகுப்பை நிறுவனம் வார்த்தெடுத்த சரக்கு என்று ஒதுக்குவோர், ஹாப்பர் சுட்டிய வெற்றிடத்தை அது எவ்வளவு தூரம் நிரப்பியது என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

உடனடி வெற்றி கிட்டவில்லை. அமெரிக்காவின் முதன்மைத் தரவரிசையான பில்போர்டு 200இல் அது இடம்பெறவே இல்லை. கோடைதோறும் ஊர் ஊராகச் சென்ற வார்ப்ட் டூர் என்னும் பங்க் இசைவிழாவில், பெண் கலைஞர்களுக்கென அமைந்த ஷிராகேர்ள் மேடையில் அக்குழு அவ்வாண்டு பாடியது. டேவிஸ் சில மாதங்களில் திரும்பி வந்தார். 2007இல் வெளிவந்த 'ரயட்!' பெரும் புகழ் சேர்த்தது. முதல் தொகுப்பும் பின்னாளில் அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளுக்குரிய தங்கச் சான்று பெற்றது.

ஒப்பந்தத்தின் கோணல் மட்டும் நிமிரவில்லை. 2010 இறுதியில் ஃபாரோ சகோதரர்கள் விலகியபோது, வில்லியம்ஸ் ஒருவரே ஒப்பந்தத்தில் இருந்ததைத் தம் மனக்குறைகளில் ஒன்றாக ஜாஷ் வெளிப்படையாகக் கூறினார். 2015இல் மீண்டும் விலகிய டேவிஸ் குழுவின் பங்காளியா, ஊதியம் பெற்ற ஊழியரா என்ற சச்சரவு நீதிமன்றம் வரை சென்று 2017இல் சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டில் வெளிவந்த 'ஆஃப்டர் லாஃப்டர்' தொகுப்பில் ஸாக் ஃபாரோ மீண்டும் டிரம்ஸ் வாசித்தார்.