திருகோணமலை: துறைமுகமும் நகர வளர்ச்சியும்

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில், குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள பழைய தமிழ்க் கிராமம் திரியாய். ஊரை அடுத்த குன்றின் பாறையில், கி.பி. 8ஆம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்குள்ள தாதுகோபத்தை எழுப்பியவர்கள் என அது குறிப்பது திரபுஸ்ஸகர், வல்லிகர் என்னும் வணிகக் கூட்டத்தாரை. இந்தக் கரையில் கடல் வணிகமும் குடியிருப்பும் ஒட்டி வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பிற்காலத்தில் அந்த ஒட்டுறவு அறுந்தது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலையில் இருக்கிறது. ஆனால், இலங்கையின் பெருநகரம் எழுந்தது கொழும்பில்தான். கொழும்பில் இயற்கையான ஆழ்துறை இல்லை. 1875இல் தொடங்கி 1885இல் முடித்த அலைதடுப்புச் சுவரால் செய்துகொண்ட துறை அது. மலைநாட்டுக் கோப்பியும் பின்னர் தேயிலையும் அங்கே வந்து இறங்கின; கண்டிக்கான ரயில் பாதை 1867இலேயே திறக்கப்பட்டிருந்தது. திருகோணமலைக்கு ரயில் வந்ததோ 1927இல். பிரித்தானியருக்கு அது கடற்படைத் தளமாகவே தேவைப்பட்டது; தளத்தை அவர்கள் கையளித்தது 1957இல். ஆழமான நீர் கப்பலைக் கொண்டுவரும். சரக்கைத் தருவது பின்னிலம். அந்தப் பின்னிலம் வளர்க்கப்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்த பெருந்தொழில்களும் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. கோதுமை கப்பலில் வந்து பிறீமா ஆலையில் மாவாகி வெளியூர்களுக்குப் போகிறது. சீமெந்து ஆலைக்கான கிளிங்கரும் கடல்வழியே வருவதுதான். திரியாய்க்கு வடக்கே புல்மோட்டையில் அள்ளப்படும் இல்மனைட்டு மணல், வெள்ளைப் பூச்சுக்கான மூலப்பொருளாகவே பெரும்பாலும் ஏற்றுமதியாகிறது. சீனக்குடாவில் ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன; அவற்றுள் 61ஐக் கூட்டாக மேம்படுத்த 2022 ஜனவரியில் இலங்கை, இந்திய எண்ணெய் நிறுவனங்கள் உடன்பட்டன. இவற்றால் வேலைவாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுற்றியுள்ள ஊர்களிடமிருந்து இவை வாங்குவது சொற்பம், விற்பதும் அப்படியே. வளர்முக நாடுகளின் துறைமுகங்கள் பலவற்றில் காணப்படும் இந்த நிலையைப் பொருளியலாளர் சுற்றுப்புறத்தோடு ஒட்டாத தனித்த பொருளாதாரம் (enclave economy) என்பர்.

நகர வளர்ச்சியை அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வாழ்வோரை மட்டுமே இலங்கை நகரவாசிகளாகக் கணக்கிட்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் அது 18.2 வீதம். பிரதேச சபைப் பகுதி எவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தாலும் கிராமம்தான். தெற்காசியா பற்றிய 2015ஆம் ஆண்டு உலக வங்கி அறிக்கை இதை மறைந்த நகரமயமாக்கல் என்றது. எல்லையைத் தாண்டிப் பரவும் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளைப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சொல் எளிதில் விளங்கும்.

இனித் திரியாய். 1985 வன்முறையில் ஊர் எரிந்தது, மக்கள் இடம்பெயர்ந்தனர். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகே திரும்பத் தொடங்கினார்கள். அதற்குள் ஒரு தலைமுறை நகரத்திலும் முகாம்களிலும் வெளிநாடுகளிலும் வளர்ந்துவிட்டது. கிராமத்தார் நகருக்குப் பெயர்வது அங்கே கிடைக்கும் என எதிர்பார்க்கும் கூலியைப் பார்த்து என்று பொருளியலாளர்களான ஹரிஸும் டொடாரோவும் 1970இல் விளக்கினர். திரியாய் மக்கள் கூலியைக் கணக்கிட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர். வடகிழக்கின் இடப்பெயர்வை அந்த மாதிரியைக் கொண்டு மட்டும் விளக்க முற்படுவது பிழை.

போருக்குப் பின் புல்மோட்டை வீதியில், முன்பு மிதவைப் பாதையில் ஏறிக் கடந்த ஆற்றுமுகங்களில் பாலங்கள் வந்தன. நெல்லும் மீனும் சந்தைக்குப் போக வழி பிறந்தது. வயற்காணிச் சிக்கல் மட்டும் தீரவில்லை: உழவர் தம்முடையவை என உரிமை கோரும் நிலங்கள் தொல்லியல், வனவளத் திணைக்களங்களின் எல்லைக்குள் அடங்குவதாகச் சொல்லப்பட்டு, பிணக்கு பல ஆண்டுகளாக நீள்கிறது. உறுதியில்லாத காணியை ஈடுவைத்து வங்கியில் கடன் பெற முடியாது. கடனும் விளைச்சலும் இல்லாத உழவரால் திருகோணமலைக் கடைத்தெருவில் எதையும் வாங்க முடியாது. துறைமுகத்துக்குத் திட்டம் வரைவோர், இந்தக் காணிப் பிணக்கைத் தீர்ப்பதை நகரத் திட்டத்தின் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.