அன்பில் பிறந்ததா தையற்பொறி?

தையல் என்ற சொல்லுக்குத் தமிழிலே பெண் என்றும் பொருள் உண்டு. தைக்கும் தொழில் என்றும் பொருள் உண்டு. ஆயினும் தொழில் கூலி தரும் தொழிலானபோது, பொறியின் முன் அமர்ந்தவன் பெரும்பாலும் ஆண். மதுரைப் புதுமண்டபத்திலே, நாயக்கர் காலத் தூண்களுக்கு இடையே, பல்லாண்டுகள் நாம் கண்ட காட்சி அதுதானே!

1924-ஆம் ஆண்டு, இராமச்சந்திரன் எனும் இளைஞர், எந்திரம் அனைத்தையுமே எதிர்க்கிறீரா என்று காந்தியாரைக் கேட்டார். பின்னாளில், 1947-இல், சின்னாளபட்டி அருகே காந்தி கிராமம் கண்டவர் இவரே. விலக்கு உண்டு என்ற காந்தியார், சிங்கர் தையற்பொறியைச் சுட்டினார். மனைவி கையால் தைத்து வருந்தக் கண்ட சிங்கர், அவள்மீது கொண்ட அன்பால் அதனை ஆக்கினார் என்று காரணமும் கூறினார்.

அழகிய கதை! வரலாறோ வேறு. எலியாஸ் ஓவ் 1846-லேயே காப்புரிமை பெற்றார். நாடக நடிகராயிருந்த ஐசக் சிங்கர் பொருளீட்டவே இத்துறையில் இறங்கி, 1851-இல் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஓவ் வழக்காடி வென்றார். 1856-இல் போட்டியாளர்கள் தம் உரிமைகளை ஒன்றாக்கிக் கொண்டனர். அன்பு எங்கே? இலாபக் கணக்கன்றோ இருக்கிறது!

ஆனால் அந்தக் கணக்கே பொறியை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்றது. தூக்கிச் செல்லும் சிறு பொறிகளும் வந்தன. முக்கால் அளவு உடல், வளைந்த மரமூடி, பூட்டு, கைப்பிடி. உள்ளே, தறியின் நாடாவை நினைவூட்டும் ஷட்டில். தனி மேசை வேண்டாம். தரையிலே வைத்துத் தைக்கலாம். குறை ஒன்று உண்டு: வலக்கை சக்கரத்தைச் சுற்ற, துணியை நடத்த இடக்கை மட்டுமே எஞ்சும். மிதிபொறிக்காரனுக்கு இரு கை. வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கை! 1933-இல் வந்த சிங்கர் 221, அலுமினிய உடலால் எடையை ஏறத்தாழ 5 கிலோவாக்கி, மின்விசையால் இரு கைகளையும் விடுவித்தது. மின்சாரம் இல்லாத குடிசைக்கு அது எட்டவில்லை.

பிற்காலத்தில், கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட மகளிருக்கும் இலவசத் தையற்பொறி வழங்கும் திட்டத்துக்குத் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரைச் சூட்டியது. பொருத்தமான பெயர்.

தோழர்களே! கணவன் இரங்கிப் பொறி செய்து தந்தான் என்ற கதை, பெண்ணை என்றும் பெறுபவளாகவே வைக்கும். பொறி யார் அன்பில் பிறந்தது என்பதை விடுங்கள். அதில் தைத்த கூலி யார் கையில் சேருகிறது? அதைக் கேளுங்கள்!