வைரஸ் தொற்றும் சிறார் மூட்டழற்சியும்

சிறார் மூட்டழற்சி என்பது 16 வயது நிறையும் முன்பே தொடங்கி, குறைந்தது 6 வாரம் நீடிக்கும், காரணம் பிடிபடாத மூட்டு வீக்கத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர். லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் 1897இல் 22 குழந்தைகளின் நோய்நிலையை விவரித்தார். இன்றைய வகைப்பாடு சிறார் மூட்டழற்சியை ஏழு பிரிவுகளாகப் பிரிக்கிறது. காலையில் எழுந்ததும் குழந்தை ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கும். முட்டி வீங்கிச் சூடாக இருக்கும். பத்து மணிக்கெல்லாம் ஓடியாடத் தொடங்கிவிடும். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், "போன மாதம் காய்ச்சல் வந்தது, அதிலிருந்துதான்" என்பார்கள் பெற்றோர். இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. வைரஸ்கள் குழந்தைகளின் மூட்டைச் சில வாரங்களுக்கு வீங்கச் செய்யும் என்பது ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோயை அவையே உண்டாக்குகின்றன என்பதற்கு, பல பத்தாண்டு தேடலுக்குப் பிறகும் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

உறுதியான பாதியை முதலில் பார்ப்போம். 1975இல் லண்டனில் இவோன் காசர்ட் குழுவினர் கண்டறிந்த பார்வோவைரஸ் பி19, குழந்தைகளுக்குக் கன்னம் அறை வாங்கியதுபோல் சிவக்கும் காய்ச்சலைத் தருகிறது. இது தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு மூட்டுவலியோ வீக்கமோ வரலாம். வயதுவந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரும். முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் பார்க்கும் இரத்தப் பரிசோதனைகள்கூட அந்தச் சில வாரங்களில் 'பாசிட்டிவ்' என்று காட்டிப் பிறகு மாறிவிடுவது உண்டு. சிக்குன்குனியா 1963இல் கொல்கத்தாவிலும் 1964இல் சென்னை, வேலூரிலும் பரவி, நீண்ட இடைவெளிக்குப் பின் 2006இல் திரும்பியபோது, நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு நோய் இருக்கலாம் என்று பதிவானது. மாதக்கணக்கில் மூட்டுவலியோடு போராடியவர்களில் பெரும்பான்மையோர் பெரியவர்களே. குழந்தைகள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். 6 வாரம் என்ற எல்லைக்கோடு நோய் வரையறைக்குள் வைக்கப்பட்டிருப்பதன் பொருள் இங்கே விளங்குகிறது. வைரஸால் வந்து தானாகப் போகும் வீக்கத்தின் பெரும்பகுதியை அது வடிகட்டி ஒதுக்கிவிடுகிறது.

வைரஸ் உடலைவிட்டுப் போகாமல் தங்கிவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு மிகவும் நெருக்கமாக வந்த ஆய்வு ருபெல்லாவைப் பற்றியது. 1985இல் கனடா ஆய்வாளர்கள், நாள்பட்ட மூட்டுநோய் கொண்ட 19 குழந்தைகளில் 7 பேரின் இரத்த அணுக்களிலிருந்து ருபெல்லா வைரஸைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த குழந்தைகளிடம் அது கிடைக்கவில்லை. அன்று இது பெரும் நம்பிக்கையை ஊட்டியிருக்க வேண்டும். காரணம் தெரிந்தால் தடுப்பூசி ஒன்றே போதுமே! ஆனால் பின்னர் வந்த ஆய்வுகள் அந்த முடிவை நிலைநாட்டவில்லை. அதைவிடப் பெரிய சோதனையை, யாரும் திட்டமிடாமலேயே, தடுப்பூசித் திட்டங்கள் நடத்திக் காட்டிவிட்டன. பின்லாந்து 1982இல் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து இரண்டு தவணைத் தடுப்பூசியைத் தொடங்கி, 1990களில் உள்நாட்டு ருபெல்லாவை ஒழித்தது. 1997–98இல் அந்த நாடும் சேர்ந்த நார்டிக் ஆய்வில், ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் சுமார் 15 பேருக்குப் புதிதாகச் சிறார் மூட்டழற்சி வந்துகொண்டிருந்தது. வைரஸ் ஒழிந்தும் நோய் ஒழியவில்லை. ஒரு சிலருக்கு ருபெல்லா காரணமாக இருந்திருக்கலாம் என்று வாதிடலாம்; முதன்மைக் காரணம் அதுவே என்று இனி வாதிட இடமில்லை.

கிருமியே காரணமல்ல என்று முடிவுகட்டுவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஓல்டு லைம் ஊரின் சுற்றுவட்டாரத்தில் பல குழந்தைகளுக்குச் சிறார் மூட்டழற்சி என்றே நோய்ப்பெயர் எழுதப்பட்டது. ஏலன் ஸ்டீர் குழுவினர் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் 39 குழந்தைகளும் 12 பெரியவர்களும் இருந்தார்கள். 'லைம் நோய்' என்று பெயர்பெற்ற இதற்கு, உண்ணி வழியே பரவும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்பது 1982இல் தெளிவானது. அப்படியானால், மற்றக் குழந்தைகளின் நோய்க்குப் பின்னாலும் இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு கிருமி ஒளிந்திருக்கக் கூடாதா? கூடாது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் லைம் நோய் தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது: பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வந்தது, கோடையை ஒட்டி வந்தது. சிறார் மூட்டழற்சியின் பெரும்பகுதி அப்படி வருவதில்லை. தொற்று போலவே தோன்றும், உடல் முழுவதையும் தாக்கும் வகையைக் கனடா முழுவதும் பார்த்த 1996 ஆய்வில்கூட, நாடு தழுவிய பருவச் சாய்வு தெரியவில்லை. புல்வெளி மாகாணங்களில் மட்டுமே தெரிந்தது. அந்த வகையில் தினமும் ஏறி இறங்கி, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அடிக்கும் காய்ச்சல் நோயின் பகுதியே. அதைத் தொற்று என்று எடுத்துக்கொண்டு, தொற்றால் மூட்டுநோய் வந்தது என்று கணக்குப் போடும் தவறு எளிதில் நேர்ந்துவிடும். அதே சமயம், எப்ஸ்டீன்–பார் போன்ற வைரஸ்கள் இந்த வகைக் குழந்தைகளிடம் உயிருக்கே ஆபத்தான நோயெதிர்ப்பு மிகைத்தூண்டலைக் கிளப்பிவிடும் என்பதும் மறக்கக்கூடாத உண்மை.

வைரஸை ஒரு தூண்டுகோலாக மட்டும் எடுத்துக்கொண்டால் சான்றுகள் ஓரளவு பொருந்திவருகின்றன. ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது நான்கில் ஒன்றிலிருந்து பத்தில் நான்கு வரை. மரபணு முழுக்கதையல்ல என்று இது காட்டுகிறது. மிச்ச இடத்தில் வைரஸுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அந்த இடத்துக்குப் போட்டி அதிகம். 2015இல் பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது; வைரஸ் எதிர்ப்பு மருந்து பெற்றவர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. ஆன்டிபயாடிக்கே நோயைத் தந்தது என்று இதற்குப் பொருளல்ல. குடல் நுண்ணுயிர்களின் மாற்றமும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது என்பதே பொருள். காய்ச்சலுக்குப் பின்தான் வந்தது என்ற பெற்றோரின் கணக்கும் நிற்பதில்லை: சிறு குழந்தைகளுக்கு ஆண்டில் ஆறேழு முறை சளி காய்ச்சல் வருவது வழக்கம், எனவே எந்த நோய்க்கு முன்னாலும் ஒரு காய்ச்சல் இருக்கவே செய்யும்.

நடைமுறையில் இதனால் விளைவது சில தெளிவான முடிவுகள். எப்போதோ வந்துபோன தொற்றை மட்டும் காட்டும் எதிர்ப்புரதப் பரிசோதனைகளை வரிசையாகச் செய்வதால் நாள்பட்ட வீக்கத்துக்குக் காரணம் தெரிந்துவிடாது. தடுப்பூசியில் உள்ள ருபெல்லா வைரஸ் மூட்டைத் தாக்குமோ என்ற பயத்தில் அதைத் தள்ளிப்போடவும் தேவையில்லை: நெதர்லாந்தில் இந்நோய் கொண்ட 137 குழந்தைகளை வைத்து நடந்து 2013இல் வெளியான சோதனையில், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசியின் கூடுதல் தவணை நோயை மோசமாக்கவில்லை. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் எடுக்கும் குழந்தைக்கு உயிருள்ள தடுப்பூசி போடும் முன் மட்டும் மருத்துவரைக் கேட்க வேண்டும். 'காய்ச்சல் வாதம், தானே போய்விடும்' என்று மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. அந்த இடைவெளியில் குருத்தெலும்பு தேயலாம், வலியே இல்லாமல் கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையைப் பறிக்கலாம். வீக்கம் 6 வாரத்தைத் தாண்டினால், முன்னால் எந்தக் காய்ச்சல் வந்திருந்தாலும் சரி, குழந்தையை மூட்டுநோய் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் காட்டுங்கள்.