வெர்டனிலிருந்து பீகாருக்கு: பன்னாட்டுத் தொண்டுப்பணியின் தொடக்கம்

இளைஞர்கள் அயல்நாடு சென்று ஊதியமின்றி உழைக்கும் பணிமுகாம் முறை, முதல் உலகப் போரின் இடிபாடுகளில் பிறந்தது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியர் செரசோல் 1920-இல், பிரான்சின் வெர்டன் அருகே போரில் அழிந்த சிற்றூர் ஒன்றைச் சீரமைக்க முதல் முகாமை நடத்தினார். போரில் எதிரெதிராக நின்ற நாடுகளைச் சேர்ந்தோர் அங்கே சேர்ந்து உழைத்தனர். செருமானியர் வந்ததற்கு எதிர்ப்பு எழுந்ததால் சில மாதங்களில் முகாம் முடிந்தது. எனினும் அதிலிருந்தே 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற இயக்கம் வளர்ந்தது.

1934 சனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அவ்வாண்டே செரசோல் இந்தியா வந்தார். இராசேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணப் பணிகள் நடந்துவந்தன. வெள்ள அபாயத்துக்கு உள்ளான ஊர்களை மேட்டுநிலத்துக்கு மாற்றி வீடுகள் கட்டும் வேலையில், செரசோலும் தோழர்களும் ஊராருடன் சேர்ந்து பாடுபட்டனர்.

பின்னாளில் அரசுகளும் இவ்வழியில் இறங்கின. 1961-இல் அமெரிக்காவின் 'பீஸ் கோர்' தொண்டர்கள் இந்தியா வந்தனர். 1976-இல் அத்திட்டம் இங்கு முடிவுற்றது.

அயல்நாட்டுக்குச் செல்வோருக்கு மட்டுமன்று, தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலை போன்ற மலைவாழ் மக்களின் ஊர்களுக்குத் தொண்டாற்றச் செல்லும் நம் மாணவர்களுக்கும் பீகார் பணி ஒரு பாடம். அவ்வூராருக்கு எது தேவை என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு அவர்களோடு சேர்ந்து உழைக்க வேண்டும்.