மச்சானுக்குப் போட்ட கையெழுத்து

தமிழில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர், சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் நாணயம் என்றுதான் பெயர். ஊரில் எங்கள் அப்பாவுக்கு மாதக் கணக்கில் சாமான் கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சி எந்தப் பேப்பரும் கேட்டதில்லை. "நாணயமான ஆளு" என்று நாலு பேர் சொன்னாலே போதும்.

ஒரே சிக்கல், அந்தப் பெயர் நம்மோடு ரயில் ஏறி வராது. 2004-ல் வங்கி வேலைக்காகப் புனே வந்து இறங்கினேன். வாடகை வீட்டுக்கே "உங்களைத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார்கள். யாரைச் சொல்வது?

வங்கிகளுக்கும் இதே கஷ்டம்தான். 90களில் ஒரு வங்கியில் கடனைக் கட்டாமல் விட்டவர் அடுத்த தெரு வங்கியில் போய்க் கேட்டால், கண்டுபிடிக்கச் சுலபமான வழியில்லை. அதனால் நல்லவர்களையும் சந்தேகமாகவே பார்த்து, ஜாமீன் கேட்டார்கள். ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி குழு, கடன் விவரங்களைப் பகிர ஒரு பொது அமைப்பு வேண்டும் என்று 1999-ல் சொன்னது. 2000-ல் சிபில் பிறந்தது. 2004-ல் தனிநபர் கடன் விவரங்களைத் தர ஆரம்பித்தது. 2005-ல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2010-ல் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் களத்தில் இறங்கின.

இதில் வேடிக்கை என்னவென்றால், 300 முதல் 900 வரை போகும் அந்த மதிப்பெண்ணை சிபில் 2011-ல்தான் நம் கண்ணில் காட்டியது! 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

சில வருடம் முன்பு நம்ம ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கடன் கேட்டு வந்தார். இங்கே சொந்தமாக லேத் பட்டறை. வாங்கிய கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனால் மதிப்பெண் படுத்திருந்தது. அறிக்கையைப் பார்த்தால், ஊரில் மச்சான் வாங்கிய வண்டிக்கடனுக்கு இவர் ஜாமீன். மச்சான் பாதியில் நிறுத்திவிட்டார்.

"சார், நான் ஒரு பைசா வாங்கலையே, கையெழுத்துதானே போட்டேன்?"

என்ன சொல்ல... சட்டப்படி ஜாமீன்தாரரும் கடனாளிதான். அண்ணாச்சியாக இருந்தால் "அது மச்சான் செஞ்ச வேலை, இவர் நல்லவர்" என்று புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்கு மச்சான் தெரியாது. பாக்கியை இவரே கட்டினார். வீடு வாங்குவது இரண்டு வருடம் தள்ளிப்போனது.

இருந்தாலும் இந்த முறையை நான் குறை சொல்லமாட்டேன். பிழைக்க வந்த நமக்கு எந்த ஊரிலும் செல்லுபடியாகும் ஒரு பெயரை இதுதான் கொடுத்தது. அதை நாம்தான் காப்பாற்ற வேண்டும். வீடு மாறினால் முதலில் கார்டு விலாசத்தை மாற்றுங்கள், பழைய வீட்டுக்குப் போகும் சின்ன பில்கூடக் கறையாகிவிடும். கார்டில் குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தாமல் முழுத்தொகையும் கட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவச அறிக்கையை வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு, இது 2024-ல் வந்த விதி.

அப்புறம், மச்சான் ஜாமீன் கேட்டு வந்தால்? அந்தக் கடனை நாமே கட்டமுடியுமா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முடியும் என்றால் மட்டும் பேனாவை எடுங்கள்.